பலகை பிடித்த கை

சலீம் கண்ணை மறைத்து முகத்தில் மாட்டியிருந்த வி.ஆர். பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு வாந்தியெடுக்க ஓடினார். ஷார்ஜாவில் ஆறு பேர் தங்கும் அறை அது. கட்டில் கம்பியில் சாய்த்து வைத்திருந்த போன் அவர் ஓடியதையும் காட்டியது. விருத்தாசலத்தில் தன் வீட்டில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்த பூர்ணிமா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நாளை மறுநாள் மங்கலம்பேட்டையில் சலீமின் மகள் ஷிபானாவுக்கு நிக்காஹ். விசா புதுப்பிக்க வாங்கிய பாஸ்போர்ட்டைக் கம்பெனி இன்னும் திருப்பித் தரவில்லை. மாப்பிள்ளைக்கும் லீவு பத்து நாள்தான், தள்ளிப்போட முடியாது. பூர்ணிமா சென்னையில் நேரலை வீடியோ வேலை பார்க்கிறாள். எல்லாத் திசையையும் ஒரே நேரத்தில் பிடிக்கும் கேமரா ஒன்றை ஆபீசில் கேட்டு வாங்கி வந்திருந்தாள். பெட்டியை மாட்டிக்கொண்டால் சலீம் அந்த இடத்திலேயே நிற்பது போல இருக்கும். எந்தப் பக்கம் திரும்புகிறாரோ அந்தப் பக்கம் தெரியும்.

"என்னாச்சு மாமா?"

"திரும்புனா எல்லாம் கலங்கிப் போவுதும்மா. சேத்துத் தண்ணியில முங்குன மாதிரி. தெளியறதுக்குள்ள ரெண்டு எண்ணிடலாம்." துண்டால் வாயைத் துடைத்தார். "ரெண்டு எண்றதுக்குள்ள எம் பொண்ணு தலையாட்டி முடிச்சிருப்பா."

அவருக்கு வேண்டியது அந்த ஒரு தலையாட்டல்தான். ஆண்கள் பக்கம், நிக்காஹை நடத்திவைக்கும் ஹஜரத் முதலில் சலீமிடம் அனுமதி கேட்பார். பிறகு வக்கீலாக, அதாவது பெண் தரப்புப் பிரதிநிதியாக, சலீமின் அண்ணன் ஹஸ்ஸான், சாட்சி இரண்டு பேரோடு பெண்கள் இருக்கும் அறைக்குப் போய் ஷிபானாவிடம் சம்மதம் கேட்பார். நடுவில் வாசல்படி. கேமரா அந்தப் படியில் நிற்கும். ஹஜரத்துக்குப் பதில் சொல்லிவிட்டு சலீம் அப்படியே பின்பக்கம் திரும்ப வேண்டும்.

"அறைக்குள்ள தனியா ஒரு கேமரா வெச்சி, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல காட்டட்டுமா மாமா?"

"ரெண்டு டிவி பாக்கறதுக்கா? நான் அங்க நிக்கணும்மா."

சுற்றிலும் உள்ள மொத்தத்தையும் தெளிவாக அனுப்ப ஷார்ஜா அறையின் இன்டர்நெட் தாங்காது. அதனால் அவர் பார்க்கும் பக்கத்தை மட்டும் தெளிவாகவும் மற்றதை மங்கலாகவும் பூர்ணிமா அனுப்பினாள். அவர் திரும்பிய பிறகுதான் புதுப்பக்கத்தின் தெளிவான வீடியோத் துண்டு கிளம்பி வரும். இரண்டு நொடி நீளத் துண்டுகளை பூர்ணிமா அரை நொடியாக நறுக்கிப் பார்த்தாள். கொஞ்சம் குறைந்தது. மீதியைக் கணிப்பு பார்த்துக்கொள்ள வேண்டும். திரும்பப் போகிறவன் கழுத்து முதலில் லேசாக அசையும். அதை வைத்து மென்பொருள் அடுத்த பக்கத்தை முன்கூட்டியே வரவழைத்துவிடும். ஆபீசில் நூறு பேரிடம் சரியாக நடந்த வேலை. சலீமிடம் மட்டும் நடக்கவில்லை. அவர் கழுத்து அசையவே இல்லை. சும்மா நின்றார், நின்றார், பிறகு ஒரேயடியாகத் திரும்பியிருந்தார்.

ஷிப்ட் முடிந்து பூர்ணிமாவின் அப்பா கொளஞ்சியப்பன் வந்தார். முழங்கை வரை வெள்ளை மண். அவரும் சலீமும் ஒரே பீங்கான் ஷெட்டில் பதினோரு வருஷம் பலகை தூக்கியவர்கள். சலீம் கல்ஃபுக்குப் போய்ப் பதினெட்டு வருஷம் ஆகிறது.

"டேய் சலீமு, என்னாடா மூஞ்சில மாட்டுத் தொட்டியக் கவுத்துட்டு நிக்கிற?"

"நீ கம்முனு கெட. இன்னொருக்கா பாக்கறேன் பாப்பா."

சலீம் திரும்பினார். கொளஞ்சியப்பன் போன் படத்தைப் பார்த்துத் தொடையில் தட்டிச் சிரித்தார்.

"அடப்பாவி! இன்னும் பலகைய எறக்கலயாடா நீ?"

"என்னாப்பா?"

"அவன் சோத்தாங்கையப் பாரு. மேல போவுது பாரு."

பூர்ணிமா பார்த்தாள். திரும்புவதற்கு முன் சலீமின் வலது கை தோளுக்கு மேல் எழுந்து, இல்லாத ஒன்றின் அடியைப் பிடித்தது. பிறகு கால் பெயர்ந்தது. அதன் பின் தலையும் தோளும் இடுப்பும் ஒரே கட்டையாகச் சுழன்றன.

தோளில் தூக்கும் ஒரு பலகையில், இன்னும் சூளையில் சுடாத பச்சை மண் ஃபியூஸ் கட்டைகள் முப்பது இருக்கும். கழுத்தை வளைத்தால் தோள் சாயும், தோள் சாய்ந்தால் முப்பதும் தரையில். அதனால் பலகை தூக்குகிறவன் தலையைத் தனியாகத் திருப்ப மாட்டான்.

"எந்தப் பக்கமா திரும்புவாருப்பா?"

"எடப்பக்கம்தான். எதுக்க வர்றவன் பலகையில முட்டிக்காம எல்லாரும் எடப்பக்கமாத்தான் திரும்புவோம். மேஸ்திரி கிட்ட அறை வாங்கிக் கத்துக்கிட்டது. மறக்குமா?"

பெட்டியோடு இரண்டு கைப்பிடிகள் வந்திருந்தன. பிடித்துக்கொண்டால் கை அசைவதை அவை சொல்லும். பார்வை எங்கே திரும்பும் என்று அறிய இதுவரை யாரும் அவற்றைக் கவனித்ததில்லை. பூர்ணிமா கணிப்பைக் கழுத்திலிருந்து எடுத்து வலது கைக்கு மாற்றினாள். கை எழுந்தால் இடப்பக்கத் துண்டுகள் எல்லாம் உடனே கிளம்ப வேண்டும்.

நிக்காஹ் அன்று காலை வாசல்படித் திரைச்சீலையை இரண்டாக விலக்கிக் கேமராவை நிறுத்தினார்கள். ஒளிபரப்பு சலீமுக்கு மட்டும். பூர்ணிமா லேப்டாப்போடு பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள். ஷார்ஜா அறையைக் காட்டும் போனோடு கொளஞ்சியப்பன் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம்.

"உங்க மக கிட்ட சம்மதம் கேட்டு வர, ஹஸ்ஸான் பாயை அனுப்புறீங்களா?" என்று ஹஜரத் கேட்டார்.

"அனுப்புறேன்" என்றது ஸ்பீக்கர்.

ஹஸ்ஸான் எழுந்து வந்தார். பூர்ணிமாவின் லேப்டாப்பில் பதிவு வரிகள் ஓடின. கை எழுந்தது. தெளிவான துண்டு போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகுதான் தலை திரும்பியது. அவள் அந்த மூன்று வரிகளையும் மறுபடி படித்தாள். நொடியில் பாதிகூட இல்லை இடைவெளி. அவர் திரும்புவதற்கு முன்பே மகள் அங்கே காத்திருந்தாள். நூறு பேர் கழுத்தைப் படித்த மென்பொருளுக்குத் தெரியாத ஒன்று, பதினெட்டு வருஷமாகச் சுமை இல்லாத தோளில், கடலுக்கு அந்தப் பக்கம், அப்படியே கிடந்திருக்கிறது.

ஹஸ்ஸான் மாப்பிள்ளையின் பெயரைச் சொல்லி, அவர் தரும் மஹர் தொகையைச் சொல்லி, "சம்மதமாம்மா?" என்றார்.

ஷிபானா தலை நிமிர்த்திக் கேமராவைப் பார்த்தாள். "அத்தா, தெரியுதா?" என்று கேட்டாள்.

"தெரியுதுத்தா. மருதாணி கூட தெரியுது."

தலையாட்டினாள்.

திரைச்சீலைப் பக்கம் சாய்ந்து பூர்ணிமா, "அப்பா, மாமா என்ன பண்றாரு?" என்று மெல்லக் கேட்டாள்.

"அப்படியே நிக்கிறான். கைய எறக்கல." கொளஞ்சியப்பன் மூக்கை உறிஞ்சினார். "ம். முட்டிய மடக்கிட்டான். தோளக் குனிச்சான்... பலகைய எறக்கிட்டாம்மா. ஒண்ணு கூட ஒடையல."