தாய்மொழிக் கட்டம்

நான் பயந்த சுபாவக்காரன். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதைச் சொல்வது சுலபம். தெருநாய் குரைத்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்பேன். தந்தி வந்தால் பக்கத்து வீட்டுக்காரரைப் பிரிக்கச் சொல்வேன். பகவதியப்பன் என்று பெயர் வைத்த அப்பா, அந்தப் பகவதியின் தைரியத்தில் ஒரு சிட்டிகை கேட்டு வாங்கியிருக்கலாம்.

1954இல் தக்கலையில் பல்கலைக்கழகத்தின் சிறிய ஆராய்ச்சி அலுவலகம் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தேன். கடற்கரை ஊர்களில் யானைக்கால் நோய் எப்படிப் பரவுகிறது என்பது ஆராய்ச்சி. டைரக்டர் திருவனந்தபுரத்தில் இருந்தார். தக்கலையில் நானும் ஒரு மேசையும் பூட்டு சரியாக விழாத ஓர் அலமாரியும்தான்.

ஜூலையில் இரண்டு ஆராய்ச்சி உதவியாளர் வேலைக்கு ஆள் கேட்டிருந்தார்கள். விண்ணப்பத்தோடு தனியாக ஒரு மஞ்சள் தாளும் நிரப்ப வேண்டும். மதம், சமுதாயம், தாய்மொழி, வீட்டில் முதலில் படித்தவரா என்று நான்கு கட்டங்கள். எல்லாத் தரப்பாருக்கும் இடம் கிடைக்கிறதா என்று பார்ப்பதற்காக அது. டைரக்டரைத் தவிர வேறு யார் கண்ணிலும் படாது என்று தாளிலேயே அச்சடித்திருந்தது. அடியில், விளக்கிச் சொல்லி வாங்கியவன் என்று நான் கையெழுத்துப் போட வேண்டும்.

இரண்டில் ஒரு வேலை, தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கு. கடற்கரை வீடுகளில் உட்கார்ந்து பேச ஆள் வேண்டுமே. ஆனால் அதை வெளியே சொல்லக் கூடாது என்று டைரக்டர் எனக்குத் தனியாக எழுதியிருந்தார். சொன்னால் ஒரே நாளில் தாலுகா முழுக்கத் தமிழராகிவிடும் என்று அவருக்குக் கவலை.

இருபத்துமூன்று பேர் விண்ணப்பித்தார்கள். அதில் தேவகனி மண்டைக்காட்டுப் பக்கத்துக்காரி, சர்ச் உபதேசியார் மகள், விலங்கியல் படித்தவள். மார்க்கு வரிசையில் மூன்றாவது. முன்னால் இருந்த இருவரும் மலையாளம் என்று எழுதியவர்கள். ஆகவே அந்தத் தமிழ் இடம் அவளுக்குத்தான் என்பது எல்லா விண்ணப்பமும் வந்து சேர்ந்ததுமே எனக்குத் தெரிந்தது. மஞ்சள் தாளை நிரப்பிய அன்று, தாய்மொழிக் கட்டத்துக்கு வந்ததும் அவள் பேனாவை நிறுத்தினாள். திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஊரெல்லாம் கூட்டமும் ஊர்வலமுமாக இருந்த சமயம். தமிழ் என்று எழுதினால் வம்பாகுமா என்று கேட்டாள்.

"இது அலமாரிக்குள்ள கெடக்கும் மக்களே. நாந்தான் பொறுப்பு," என்றேன்.

பொறுப்பாம். சொல்லும்போது எவ்வளவு பெரிய மனுஷனாக இருந்தேன். அவள் தமிழ் என்று எழுதினாள். மொத்தம் பதினேழு பேர் அப்படி எழுதினார்கள்.

ஆகஸ்டில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் சுட்டது. அதற்குப் பிறகு தக்கலையில் கடைக்காரர்கள்கூடச் சத்தம் போட்டு விலை சொல்லவில்லை. போலீஸ் வண்டிகள் போவதும் வருவதுமாக இருந்தன. பிடித்துக்கொண்டு போனவர்களின் பெயர்களை ஒருவர் காதில் ஒருவர் சொன்னார்கள். நான் ஆபீசுக்கும் வீட்டுக்கும் தலையைக் குனிந்தபடி நடந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை போலீஸ் வண்டி என் வாசலிலேயே நின்றது. ஓர் இன்ஸ்பெக்டர் உள்ளே வந்து, கேட்காமலேயே என் நாற்காலியில் உட்கார்ந்தார். வேலைக்கு எழுதிப் போட்ட பையன்களின் பாஷை விவரம் இங்கே இருக்கிறதாமே என்றார். யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. தாள்கள் திருவனந்தபுரத்தில் இருக்கின்றன என்று உளறினேன். அவை அவர் முதுகுக்குப் பின்னால் இரண்டடி தூரத்தில், பூட்டு விழாத அலமாரியில் இருந்தன. சனிக்கிழமை வருவேன், வரவழைத்து வை, தமிழ் என்று எழுதியவர்களின் பெயரும் விலாசமும் தனியாக வேண்டும் என்றார். எழுந்தவர் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"உமக்கு மாத்ருபாஷ ஏதாடோ?"

"மலையாளம்," என்றேன். எங்கள் வீட்டில் பேசுவது தமிழ்.

அவர் போன பிறகுதான் வேட்டி நனைந்திருப்பது தெரிந்தது.

அன்று முழுவதும் பதினேழு தாள்களையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளைகளுக்காகப் பயந்தேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். அது பொய். பதினேழின் அடியிலும் என் கையெழுத்து இருந்தது. நான்தான் எழுத வைத்தேன் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

மறுநாள் பதினேழு பேருக்கும் ஆள் அனுப்பினேன். பழைய தாளில் அச்சுப்பிழை, புதிதாக எழுதித் தர வேண்டும் என்று. வந்தார்கள். எந்தக் கட்டத்தை மாற்ற வேண்டும் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. புதுத் தாளை வாங்கி, மலையாளம் என்று எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டு நல்லபடியாகப் போனார்கள். பழையதைக் கிழித்துக் கக்கூசில் போட்டேன்.

தேவகனி வெள்ளிக்கிழமை கடைசியாக வந்தாள். அவளுக்கு மட்டும் கேட்க ஒன்று இருந்தது.

"சார், இத மாத்துனா வேலைக்குக் கொறவு வருமா?"

வரும். அந்த ஒரு வார்த்தையைத் தவிர வேறு எதில் இருந்தது அவள் வேலை? ஆனால் உண்மையைச் சொன்னால் அவள் தமிழ் என்றே எழுதிவிடுவாள். அந்த ஒற்றைத் தாள் என் கையெழுத்தோடு நாளைக்கு இன்ஸ்பெக்டர் கையில் இருக்கும்.

"வராது மக்களே. எழுது," என்றேன்.

எழுதினாள்.

சனிக்கிழமை காலையிலிருந்து ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் எழுந்து நின்றேன். இன்ஸ்பெக்டர் வரவில்லை. அடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. வடக்கே எங்கோ மாற்றலாகிப் போய்விட்டார் என்று பிறகு டீக்கடையில் கேள்விப்பட்டேன். அவருக்கு அந்தத் தாள்கள் நினைவில் இருந்தனவோ என்னவோ.

தாள்கள் செப்டம்பர் கடைசி வரை என்னிடம்தான் இருந்தன. டைரக்டருக்கு நடந்ததை ஒரு கடிதமாக எழுதியிருக்கலாம். மூன்று முறை எழுத உட்கார்ந்தேன். அரசாங்கத் தாள்களை ஏன் கிழித்தாய் என்று அவர் கேட்பாரே என்ற இடத்தில் மூன்று முறையும் பேனா நின்றது. கடைசியில் கட்டி அனுப்பிவிட்டேன். தமிழ்: ஒருவரும் இல்லை. மலையாளம்: இருபத்துமூன்று.

அக்டோபரில் பதில் வந்தது. தமிழ் பேசுகிறவர் எவரும் விண்ணப்பிக்காததால் அந்த இடத்தையும் மார்க்கு வரிசைப்படியே நிரப்புவதாக எழுதியிருந்தார்கள். முதல் இருவருக்கும் வேலை. மற்றவர்களுக்கான இருபத்தோரு வருத்தக் கடிதங்களை நான்தான் டைப் அடித்தேன்.

கடிதம் கிடைத்த அன்றே தேவகனி நேரில் வந்தாள். அழுதிருந்தாள், ஆனால் முகம் கழுவிவிட்டு வந்திருந்தாள். மார்க்கு குறைந்ததால்தானா என்று கேட்டாள். ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, ஆமாம், மார்க்குதான் என்றேன். அப்போதும் பயம்தான். இந்த முறை அந்தப் பெண்ணைக் கண்டு.

அவள் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"வேல போனாப் போட்டும் சார். அன்னைக்கு நீங்க தாள மாத்தித் தரலேன்னா எங்க வீட்டுல ஒருத்தருக்கும் ஒறக்கம் வந்திருக்காது. அப்பா ஒங்களுக்காக ஜெபம் பண்ணுதாரு."