கேசுக்கு அஞ்சு ரூபாய்

போத்தனூரில் எங்கள் ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டியில் பகல் டியூட்டிக்கு ரெண்டே நர்சுகள், நானும் செவ்வந்தியக்காவும். தொண்ணூற்றாறில் எங்கள் சம்பளத்தைவிடத் திருப்பூரில் பனியன் தைப்பவர்களுக்கு அதிகம். அக்காவும் ஒரு பனியன் கம்பெனியில் பேசி முடித்துவிட்டார். அடுத்த மாதம் போகிறார் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

முதலாளி டாக்டர் வரதராஜுலுவுக்குத் திடீரென்று ஒரு யோசனை உதித்தது. "இனி கேசைப் பார்க்கறவங்களுக்குக் கேசுக்கு அஞ்சு ரூவா. போட்டி போட்டு ஓடியாருவீங்க பாருங்க" என்றார்.

ஓடினோமா? எங்கே! அஞ்சஞ்சாகச் சேர்ந்தாலாவது அக்கா இருந்துவிட மாட்டாரா என்று வருகிற கேசையெல்லாம் அவர் பக்கம் தள்ளினேன். அவரோ என் பக்கமே திருப்பி அனுப்பினார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. மனுஷிக்குப் பிழைக்கத் தெரிய வேண்டாமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை டாக்டரே கேசாக வந்தார். ஆனைமலையிலிருந்து யாரோ கொடுத்தனுப்பிய இளநீரைத் தானே சீவுகிறேன் என்று இடது கையைச் சீவிக்கொண்டுவிட்டார். சுற்றியிருந்த துண்டெல்லாம் ரத்தம்.

"அக்கா, நீங்க பாருங்க" என்றேன்.

"இல்ல சபுரா, நீயே பாரு கண்ணு."

"நீங்கதானுங்க்கா நல்லாத் தைப்பீங்க."

"ஏனுங்க, யாராச்சும் ஒருத்தர் பாருங்களேன்" என்றார் டாக்டர், பரிதாபமாக.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "அடுத்த மாசம் இவங்க பனியன் தைக்கப் போறாங்க டாக்டர். நாலு காசு சேர்ந்தா இருப்பாங்களேன்னு நான் உட்டுக் குடுத்தா, வாங்க மாட்டேங்கறாங்க."

அக்கா கையுறையை மாட்டிக்கொண்டே சிரித்தார். "போறவளுக்கு எதுக்குங்க? இங்க இருக்கறவளுக்குச் சேரட்டும்னுதானுங்க."

அக்கா டாக்டரின் கையை மரக்கவைத்து, பொறுமையாகத் தைத்து முடிக்கும்வரை அவர் அந்தத் தையலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"திருப்பூர்ல எவ்வளவு தர்றாங்க?"

அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அதைவிட நூறு சேத்தித் தர்றேன், ரெண்டு பேருக்கும். அந்த அஞ்சு ரூவாயை உட்டுப்போடுங்க. அதுல என்ற ரத்தந்தான் போச்சு."

"அப்பச் சரிங்க, இருக்கறனுங்க" என்றார் அக்கா, கட்டுத்துணியைச் சுற்றியபடியே.

சந்தோஷத்தில் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வெட்டுப்பட்டது என்ற கை. நீ எதுக்கு அம்மணி அழுகறே?"