இரவலுக்கு வந்த ரோசி

பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் எதிர்வீட்டில் நாற்காலி இரவல் வாங்குவார்கள். காபி டம்ளர் வாங்குவார்கள். நாயை இரவல் வாங்கிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா கண்ணுங்களா? உத்திரமேரூருக்குப் பக்கத்தில், ஏரிக்கரையை ஒட்டின ஊரில், சின்னராசு வீட்டில் வாங்கினார்கள்.

யோசனை அவர் அக்கா எல்லம்மாளுடையது.

"மாகறல்லேருந்து வர்றாங்க, நல்ல குடும்பம். அவங்க வர்ற நேரத்துல இந்த எருமைக் கன்னு வாசல்ல நின்னுக்கினு இருந்தா இன்னா நெனப்பாங்க? பொண்ணும் இப்டித்தான் மேல வுழுந்து பாயும்னு நெனைக்க மாட்டாங்களா?"

எருமைக் கன்று என்று எல்லம்மாள் சொன்னது வீராவை. செம்பட்டை உடம்பு, கரி பூசின மாதிரி மூஞ்சி, அசல் கோம்பை நாய். வேர்க்கடலைக் கொல்லையில் காட்டுப்பன்றி புகுந்து நாசம் பண்ணுகிறதென்று சின்னராசு வாங்கி வந்த குட்டி. வாங்கினதோடு அவர் வேலை முடிந்தது. சோறு வைத்து, உண்ணி பிடுங்கி, ஊசி போட உத்திரமேரூர் வரைக்கும் ஸ்கூட்டியில் முன்னால் நிற்கவைத்துக் கூட்டிப்போய் வளர்த்ததெல்லாம் அவர் மகள் செவ்வந்தி. இ-சேவை மையத்தில் வேலை முடிந்து அவள் வருகிற நேரம் வீராவுக்குத் தெரியும். ஏரிக்கரையில் போய் நின்றுகொண்டிருக்கும்.

ஆனால் பாருங்கள், பன்றியை விரட்டினால் டீக்கடையில் அது சின்னராசு நாய். யார் வீட்டுக் கோழியையாவது கவ்வினால் அது செவ்வந்தி நாய். இந்தக் கணக்கை யார் போட்டது என்று செவ்வந்தி பல நாள் யோசித்திருக்கிறாள். எதையும் அப்படியே எடுத்துக்கொள்கிற பெண் இல்லை அவள். ஏன், ஏன் என்று கேட்டே பள்ளிக்கூடத்தில் வாத்தியார்களைத் திணறடித்தவள்.

"வீரா என்கூட வரும் நைனா. ஒத்துக்கினா சரி, இல்லன்னா அந்த எடம் வேணாம்" என்று அப்பாவிடம் முன்னாலேயே சொல்லிவிட்டாள்.

"மொதல்ல வந்துட்டுப் போவட்டும்மா. அப்பறமா மெதுவா சொல்லிக்கலாம்" என்றார் அவர்.

மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்த எதையும் அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. அது செவ்வந்திக்குத் தெரியும்.

வீராவை மோட்டார் கொட்டகையில் கட்டினார்கள். அதுக்குப் பதிலாக, எதிர்வீட்டு லாரிக்காரர் ராஜாராமிடமிருந்து ரோசி வந்தது. பஞ்சுப் பொதி மாதிரி வெள்ளைப் பொமரேனியன். ராஜாராம் நெல் மூட்டையை ஒற்றை ஆளாக முதுகில் ஏற்றுகிற மனிதர். மீசை காதைத் தொடும்.

"எங்க வூட்டுக்காரி நாயி. எனக்கு இதப் பத்தி ஒண்ணும் தெரியாது" என்றபடி இறக்கிவிட்டார். இரண்டடி போனவர் திரும்பி வந்தார். "பால ஆற வச்சிக் குடும்மா. சூடா குட்ச்சா இருமும். அப்பறம், காதுக்குப் பின்னால சொறிஞ்சி வுட்டா கொலைக்காது."

"ஒண்ணும் தெரியாதுன்னீங்களே அண்ணே?" என்றாள் செவ்வந்தி.

"அவ சொல்லித்தான் தெரியும்!" என்று மீசையை நீவிக்கொண்டு நடந்துவிட்டார்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ரோசி ஆண். வீரா பெட்டை. குட்டிக்குப் பேர் வைக்கும்போது இரண்டு வீட்டிலும் உருவத்தைப் பார்த்தார்களே தவிர, வாலைத் தூக்கிப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாகறல் ஆட்கள் வந்தார்கள். மாப்பிள்ளை கலைச்செல்வன் ஒல்லியாக, அமைதியாக இருந்தான். அவனுக்குச் சேர்த்து அவன் பெரியப்பா சுப்பிரமணி பேசினார்.

செவ்வந்தி காபி கொடுத்ததும் எல்லம்மாள் அவள் கையில் ரோசியைத் திணித்தாள். "இடுப்புல வச்சிக்கினு ஓரமா நில்லு. போட்டோல பாந்தமா இருக்கும்" என்று காதில் வேறு ஓதினாள்.

சுப்பிரமணிக்குப் பரம திருப்தி. "பொண்ணுக்கு நாயின்னா உசுருன்னு சொன்னாங்க. நானும் பயந்துக்கினே வந்தேன். இதுன்னா வூட்டுக்கு அழகு. எங்க பையன்கூட ஒண்ணு வளக்குறான். டாபர்மேன்! ஆம்பள வளக்குற நாயி, ஒர்த்தன் வாசல்ல கால் வைக்க முடியாது."

கலைச்செல்வன் டம்ளருக்குள் எதையோ தொலைத்தவன் மாதிரி குனிந்துகொண்டான்.

ரோசி இடுப்பிலிருந்து குதித்து நேராக அவனிடம் போனது. அவன் பார்க்காமலேயே ஒரு கையை வயிற்றுக்கு அடியில் கொடுத்துத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டான். மற்றக் கை தானாகக் காதுக்குப் பின்னால் போயிற்று. அங்கே முடியில் சிக்கியிருந்த ஒட்டுமுள்ளை, ரோசிக்கு வலிக்காமல், விரலால் பிரித்துப் பிரித்து எடுத்தான்.

செவ்வந்தி அந்த விரலையே பார்த்தாள். டாபர்மேனுக்கு முடி வெல்வெட்டுத் துணி மாதிரி ஒட்ட இருக்கும். அதில் முள் எங்கே சிக்கும்? இந்தக் கை எங்கே இதைப் பழகிற்று?

முள் போன சந்தோஷத்தில் ரோசி கீழே குதித்து, சுப்பிரமணியின் நாற்காலியை ஒரு சுற்று மோந்து பார்த்து, காலைத் தூக்கி அவர் வேட்டிக் கரையை நனைத்தது.

"ரோசின்னு சொன்னீங்க?" என்றார் அவர், வேட்டியை உதறிக்கொண்டே.

"ரோசிதாங்க" என்றாள் எல்லம்மாள். வேறென்ன சொல்வாள், பாவம்.

அந்தக் களேபரத்தில், "பேசறதுன்னா ரெண்டு பேரும் போயி பேசிட்டு வரட்டும்" என்று சின்னராசு சொல்ல, இருவரும் தோட்டத்துப் பக்கம் முருங்கை மரத்தடியில் வந்து நின்றார்கள்.

செவ்வந்தி சுற்றி வளைக்கவில்லை. "உங்க டாபர்மேனுக்கு முடி எவ்ளோ நீளம்?"

அவன் சிரித்துவிட்டான். "கண்டுபுட்ச்சிட்டீங்களா? அதுவும் பொமரேனியன்தாங்க. எங்கக்கா வளத்தது. கல்யாணம் ஆவும்போது மாமியார் வூட்ல நாயெல்லாம் ஆவாதுன்னுட்டாங்க. அக்கா இன்னமும் போன்ல அத கொலைக்கச் சொல்லிக் கேக்கும். இப்ப என் கட்டில்லதான் தூங்குது. பசங்க கிண்டல் பண்றானுங்கன்னு, யார் கேட்டாலும் அக்கா நாயின்னு சொல்லிக்கினு கீறேன்."

அவளுக்கு ராஜாராமின் மீசை ஞாபகம் வந்தது.

"ரோசி உங்க நாயி இல்லதான?" என்றான் அவன்.

"எப்டி சொல்றீங்க?"

"நீங்க அத வுட்டுட்டு வந்தீங்க. அது திரும்பிக்கூடப் பாக்கல."

சரி, இவன் கண்ணும் சும்மா இருக்கிற கண் இல்லை என்று நினைத்துக்கொண்டாள். "என்னுது வீரா. கோம்பை. மோட்டார் கொட்டாயில கட்டி வச்சிருக்காங்க. நான் எங்க போனாலும் அது வரும்."

அவன் முகம் சுண்டிவிட்டது. பேன்ட்டைக் கொஞ்சம் தூக்கிக் கெண்டைக்காலைக் காட்டினான். பழைய தழும்பு, பல் பதிந்த இடம் பள்ளமாக. "சின்னதுல கடிச்சது. பெரிய நாயப் பாத்தா கால் நகராதுங்க எனக்கு."

ஓர் ஆண்பிள்ளை பயம் என்று வாயால் சொல்லி அவள் கேட்டதில்லை. ஏமாற்றமாகவும் இருந்தது, புதுசாகவும் இருந்தது. "உங்க பெரியப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சிதான் டாபர்மேன்னு சொல்லிக்கினு கீறாரு."

அதற்குள் முன்பக்கம் நாற்காலி உருளும் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், கடித்து அறுத்த கயிறு கழுத்தில் தொங்க, நடுவாசலில் வீரா. சுப்பிரமணி நாற்காலிமேல் ஏறி நின்றிருந்தார். எல்லம்மாள் சமையல்கட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். "டேய் வீரா! டேய்!" என்று சின்னராசு போட்ட கூச்சலுக்கு அது காதைக்கூட அசைக்கவில்லை.

"உக்காரு" என்றாள் செவ்வந்தி, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற குரலில். உட்கார்ந்துவிட்டது.

"கடுவன இப்டி அவுத்து வுடுவாங்களா?" என்றார் சுப்பிரமணி நாற்காலி மேலிருந்து.

"அது பொட்டைங்க" என்றாள் செவ்வந்தி.

ரோசி நேரே போய் வீராவின் மூக்குக்கு அடியில் நின்று வாள் வாளென்று கத்தியது. அந்தச் சத்தம் கேட்டு எதிர்வீட்டிலிருந்து லுங்கியை மடித்துக்கட்டினபடி ராஜாராம் ஓடிவந்தார். "ரோசி! தங்கம்! கட்ச்சிடுச்சாடா ராஜாவ?" வாரி எடுத்து நெற்றியில் முத்தம் கொடுத்த பிறகுதான் இத்தனை பேர் பார்ப்பதைப் பார்த்தார். "வூட்டுக்காரி... பயந்துக்குவான்னு..." என்று இழுத்தார். வீட்டுக்காரி அந்தப் பக்கம் நிதானமாகக் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள்.

சின்னராசு நிலைமையைச் சமாளிக்கப் பார்த்தார். "நாயி கல்யாணத்துக்கப்பறம் எங்ககூடவே இருந்துக்கும்ங்க."

"இல்ல நைனா. என்கூட வரும்."

சுப்பிரமணி மெல்ல இறங்கினார். "ஒரு பொண்ணு இந்த மாதிரி நாயோட வந்து எறங்குனா ஊரு இன்னா கேக்கும்? மருமவ வந்தாளா, காவக்காரன் வந்தானான்னு கேக்கும். டேய், நீ சொல்றா. நம்ம டாபர்மேன் இத வுடுமா?"

கலைச்செல்வன் கதவு நிலையைப் பிடித்தபடி நின்றிருந்தான். ராஜாராமின் மீசையோடு ஒட்டிக்கொண்டிருந்த ரோசியைப் பார்த்தான். அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு தைரியமும் வந்திருக்கவேண்டும்.

"டாபர்மேன் இல்ல பெரிப்பா. இவரு வச்சிருக்கிற மாதிரிதான் நான் வச்சிருக்கறதும். அக்கா நாயி இல்ல, என் நாயி. இந்த வீராவப் பாத்தா எனக்குக் கால் நடுங்குது. அதான் நெஜம்."

சுப்பிரமணி நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார்.

அவ்வளவுதான் என்று செவ்வந்தி நினைத்தாள். இத்தனை பேர் முன்னால் உண்மையைச் சொன்னவன் மேல் கோபப்பட முடியுமா? பயப்படுகிறவனை வற்புறுத்தத்தான் முடியுமா? குனிந்து அறுந்த கயிற்றை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"ஏங்க" என்றான் அவன். நிலையை விடவில்லை. கண்ணையும் வீரா மேலிருந்து எடுக்கவில்லை. "மழைக் காலத்துல இது எங்க படுக்கும்?"

"உள்ளதான். என் கட்டிலுக்குக் கீழ."

"கீழதான?"

"கீழதான். மேல ஏறாது."

அவன் அளவெடுக்கிறவன் மாதிரி வீராவைப் பார்த்தான். "எங்களுது மேலதான் படுக்கும். கீழ எடம் காலியாத்தான் கீது."

செவ்வந்தி வீராவின் தலையைத் தடவிக்கொண்டே, "வந்து தொட்டுப் பாக்கறீங்களா?" என்றாள்.

"ஐயோ, இன்னிக்கு வேணாங்க. அடுத்த வாட்டி."

சமையல்கட்டுக் கதவு ஒரு விரற்கடை திறந்தது. "அடுத்த வாட்டின்னு சொன்னாரா? யாராவது காதுல வாங்குனீங்களா?" என்று எல்லம்மாள் குரல் மட்டும் வந்தது. "அப்ப பூ வச்சிடலாம்ல? மொதல்ல அந்த நாயக் கட்டுங்க, நான் வெளிய வரணும்!"