கோவிக்காத ஆள்

நகுலேஸ்வரன் அண்ணை எங்கள் பேஸ்பால் அணியின் மேனேஜர். ஆள் சேர்ப்பதும் அவர்தான், யார் எங்கே நிற்பது என்று சொல்வதும் அவர்தான். இந்த ஐந்து வருடத்தில் நாங்கள் வென்றது நாலு ஆட்டம். அதிலும் ஒன்று, ஆற்றுக்கு அக்கரை லொங்குய்யிலிருந்து எதிரணி வந்த வான் வண்டி பாலத்து நெரிசலில் சிக்கிக்கொண்டதால் கிடைத்தது.

அண்ணை கெட்டவர் இல்லை. ஒருவரிடமும் மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வராது, அவ்வளவுதான். ஆட்களை அவர் மைதானத்தில் பார்த்து எடுப்பதில்லை. ஊர்ப் பாடசாலையின் பழைய மாணவர் சங்க ஒன்றுகூடலில், கையில் வடைத் தட்டோடு நின்று எடுப்பார். சங்கத் தலைவரின் மருமகனை எடுத்தால் செயலாளரின் மகனை விட முடியாது. அவனை எடுத்தால் பொருளாளர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். வருகிற எல்லோருக்கும் பிட்சராகத்தான் நிற்க வேண்டும். நடுமேட்டில் தனியாக நின்று பந்து எறிகிறவனின் படம்தான் ஊருக்கு அனுப்ப நன்றாக இருக்கும். கேட்சர் குந்தியிருந்து அந்தப் பந்தைப் பிடிப்பவன். கம்பி முகமூடிக்குள் அவன் யாரென்றே தெரியாது. எந்தத் தாய் அந்தப் படத்தைக் கேட்பாள்?

ஆகவே எங்களிடம் ஐந்து பிட்சர்கள், ஒரே ஒரு கேட்சர். அது நான், பிருந்தன், வயது நாற்பத்துநாலு. வேலை, பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் வீடு வீடாகத் தபால் போடுவது. அங்கே முக்கால்வாசி வீடுகளுக்கு வெளிப்படிக்கட்டு. இந்த வசந்தத்தில் ஒரு நாள் படி ஏறும்போது வலது முழங்கால் மடங்க மறுத்தது. இன்னொரு கோடை முழுக்கக் குந்தினால் இந்த வேலையை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொன்னார். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு இனி வேறு எந்த வேலைக்குப் போவேன்? எனக்குப் பயமாக இருந்தது.

அண்ணையிடம் எல்லாவற்றையும் சொல்லி, இன்னொரு கேட்சரை எடுக்கும்படி கேட்டேன். உச்சுக்கொட்டினார். முழங்காலுக்குப் பூச எண்ணெய் தந்தார். கட்டாயம் எடுப்பதாகச் சத்தியம் பண்ணினார்.

ஜூன் முதல் சனிக்கிழமை, முதல் ஆட்டத்துக்குப் புதிய ஆளோடு வந்தார். பெயர் றொசான். தலைவரின் தமக்கை மகன், இந்த நாட்டுக்கு வந்து ஒரு மாதம். ஊரில் கிரிக்கெட்டில் வேகப்பந்து வீசியவனாம். அவனும் பிட்சர்.

அண்ணையைப் பெஞ்சுக்குப் பின்னால் கூட்டிப் போனேன்.

"கேட்சர் எங்கை, அண்ணை?"

"தலைவர் கேக்கேக்கை என்னெண்டு மாட்டன் எண்டுறது? அவையள் கோவிப்பினம், தம்பி. நீ கோவிக்கமாட்டாய்."

அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். ஐந்து வருடமாக என் முழங்காலைத் தேய்த்தது அந்தப் பாராட்டுத்தான் என்று அப்போதுதான் விளங்கியது. கத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் கத்துவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டுமே. கையுறையைக் கழற்றிப் பெஞ்சில் வைத்தேன்.

"எனக்கும் கோவம் வந்திட்டுது, அண்ணை. நான் இனிக் குந்தமாட்டன்."

அவர் முகம் வெளிறிவிட்டது. சங்கத்தில் யாராவது முறைத்துக்கொண்டால் வருகிற அதே பதற்றத்தோடு என் தோளைப் பிடித்தார்.

"சரி, சரி, கோவிக்காதை. உன்னையும் பிட்சராப் போடுறன்."

சொன்னபடியே பிட்சர் பட்டியலில் றொசானின் பெயருக்குக் கீழே என் பெயரை எழுதினார். நடுவர் கேட்சரை அனுப்பச் சொல்லி இரண்டு தரம் கூப்பிட்டார். ஏழு பிட்சர்களும் ஆளையாள் பார்த்துக்கொண்டு நின்றோம்.