இரண்டாவது டிராம்போன் நாற்காலி

தெற்குக் கடற்கரை நண்பர்கள் பேண்டில், பாட்டின் நடுவே தனக்கு வரும் ரெஸ்ட் முடிந்த பிறகும் வாசிக்காமல் இருப்பவர் இறந்தவர். இது சங்கத்தின் ஏழாவது விதி. பதினெட்டு உறுப்பினர்களும் இதைப் படித்துக் கையெழுத்துப் போட்டுத்தான் சேர்ந்திருந்தார்கள். இரண்டாவது டிராம்போன் வாசிக்கும் தொபியாஸும் போட்டிருந்தார். இருபத்தாறு வருடத்துக்கு முன்னால், நல்ல நீல மையில்.

ஜனவரி முதல் தேதி காலை பத்து மணிக் கச்சேரியில் அவர் இறந்தார்.

நடந்தது இதுதான். பழைய வால்ட்ஸ் ஒன்றை அந்த பேண்டு வருடத்தில் இரண்டே முறை வாசிக்கும். வருடத்தின் முதல் நாள் கச்சேரியில் ஒரு முறை, கடைசி நாள் டான்ஸில் ஒரு முறை. அதில் இரண்டாவது டிராம்போனுக்கு நடுவில் அறுபத்து நான்கு பார் ரெஸ்ட் வரும். பாருக்கு மூன்று தட்டு. மற்றவர்கள் வாசிக்க, இவர் வாத்தியத்தை மடியில் கிடத்திக்கொண்டு மனத்துக்குள் எண்ண வேண்டும். எண்ணி முடித்ததும் எட்டு பார் தனியாக வாசிக்க வேண்டும். அந்த எட்டு பாரில் வேறு யாரும் மூச்சுக்கூட விட மாட்டார்கள். வாசிப்பதைவிட எண்ணுவதுதான் கஷ்டம். நம்பாதவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

தொபியாஸ் ஐம்பத்தெட்டு வரை ஒழுங்காக எண்ணினார். ஐம்பத்தொன்பதில், மாடித் தொட்டிக்கு மோட்டார் போட்டுவிட்டு அணைக்காமல் வந்தது நினைவுக்கு வந்தது. அடக் கடவுளே என்று வீடு வரை போனார், மனத்துக்குள்தான். திரும்பி வந்தபோது மண்டபம் அமைதியாக இருந்தது. கர்வாலோ மாஸ்டர் குச்சியைக் கீழே இறக்கினார். பேண்டு எழுந்து நின்றது. சபையும் எழுந்து நின்றது. மூன்றாவது வரிசையில் அவருடைய மனைவி புளோராவும் கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

யாரோ போய்விட்டார் போலிருக்கிறது, பாவம் என்று தொபியாஸும் எழுந்து தலையைக் குனிந்தார்.

"யாருவே?" என்று பக்கத்தில் நின்ற டிரம்பெட் இஞ்ஞாசியிடம் மெல்லக் கேட்டார்.

"நீருதான்," என்றார் இஞ்ஞாசி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "தங்கமான மனுசன்வே."

இறந்தவருடைய நாற்காலியை அந்தச் சங்கம் ஒரு வருடம் காலியாக வைத்திருக்கும். அதன் மேல் அவருடைய வாத்தியம் கறுப்பு நாடா கட்டிக் கிடக்கும். வருடக் கடைசி டான்ஸில் புதிய ஆள் வந்து அதில் உட்காருவார். வால்ட்ஸ் முடிந்ததும் இறந்தவரின் மனைவி அந்தப் புதிய ஆளோடு ஒரு டான்ஸ் ஆட வேண்டும். அது முடிந்தால் போனவர் முழுதாகப் போனவர். அதுவரை பாதிதான். ஆக தொபியாஸின் கையில் மீதி டிசம்பர் முப்பத்தொன்று வரை இருந்தது. அதற்குள் நாற்காலியையும் புளோராவையும் மீட்டாக வேண்டும்.

வீட்டுக்குப் போனதும் புளோராவிடம் சொன்னார்.

"புளோரா, நான் சாகலை. மோட்டாரை நெனச்சிட்டேன், அவ்வளவுதான்."

"மோட்டாரை அணைச்சாச்சு," என்றாள் புளோரா. அவள் ஏற்கெனவே கறுப்புச் சேலைக்கு மாறியிருந்தாள். "நீங்க நிம்மதியா இருங்க."

பிறகு அவரைச் சுவரோரம் நிற்கச் சொல்லி மாலை போட்டாள். படம் பெரிதாக்கி பிரேம் போட்டு வரப் பதினைந்து நாள் ஆகுமாம். அதுவரை அவர் நின்றார். துக்கம் கேட்க வந்தவர்கள் அவரை அண்ணாந்து பார்த்து, சின்ன வயசு, சிரிக்கிற மாதிரியே இருக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் ஒன்றும் சிரிக்கவில்லை. பதினாறாம் நாள் படம் வந்தது. அவரைவிட நன்றாகவே இருந்தது.

பிப்ரவரியில் சங்க அலுவலகத்துக்குப் போனார். அலுவலகம் பேண்டின் பெரிய டிரம்முக்குள் இருந்தது. உள்ளே போகக் குனிய வேண்டும். செயலாளர் பெப்பின் ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். யாராவது வெளியே டிரம்மைத் தட்டினால் மேசையில் இருந்த காகிதமெல்லாம் ஒரு முறை எழும்பி உட்கார்ந்தது.

"நான் உயிரோட இருக்கேன்," என்றார் தொபியாஸ்.

"எத்தனை பாருக்கு?"

"என்னது?"

"எத்தனை பாருக்கு உயிரோட இருந்தீருன்னு கேக்கேன்."

தொபியாஸ் யோசித்தார். உண்மையைச் சொல்லிப் பழகியவர். "ஐம்பத்தெட்டு."

"பத்தாதேவே," என்றார் பெப்பின், உண்மையான வருத்தத்தோடு. "அந்த எட்டு பாரை வாசிச்சிட்டா நீரு இருக்கீரு. வாசிக்கலைன்னா இல்லை. அம்புட்டுதான்."

"இப்பவே வாசிக்கேன். எடும் வாத்தியத்தை."

"அது வருசக் கடைசியிலதான் வரும். நாற்காலியில உக்காந்துதான் வாசிக்கணும். நாற்காலியில செத்தவரு உக்காரப்படாது."

"அப்ப நான் என்னதான் செய்ய?"

"விண்ணப்பம் குடும்," என்றார் பெப்பின். "உயிரோடிருப்பதற்கான விண்ணப்பம். மூணு பிரதி. இறப்புச் சான்றிதழை இணைக்கணும்." வெளியே யாரோ தட்டினார்கள். காகிதம் எழும்பி உட்கார்ந்தது.

கொடுத்தார். மூன்று பிரதியும் பரிசீலனையில் இருப்பதாக ஒவ்வொரு மாதமும் அவருடைய படத்துக்குக் கடிதம் வந்தது. புளோரா அதைப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள்.

ஈஸ்டர் கச்சேரியின்போது மண்டபம் நீண்டுவிட்டிருந்தது. முன்பு வாசலிலிருந்து மேடைக்கு நாற்பது அடிதான். இப்போது தொபியாஸ் கால் மணி நேரம் நடந்தும் பாதி வழியில்தான் இருந்தார். அங்கிருந்தே கேட்டார். அவர் வாசிக்க வேண்டிய இடத்திலெல்லாம் பேண்டு மௌனமாக இருந்தது. மௌனம் முடிந்ததும் ஜனங்கள் கைதட்டினார்கள். ஒருவர் எழுந்து நின்று இன்னொரு முறை என்று கத்தினார். மாஸ்டர் அந்த மௌனத்தைத் திரும்பவும் வாசிக்கவைத்தார்.

தொபியாஸுக்கு வயிறு எரிந்தது. இருபத்தாறு வருடம் கன்னம் உப்ப ஊதியிருக்கிறார். ஒரு நாய்கூடக் கைதட்டியதில்லை.

மே மாத டான்ஸில் மௌனங்களைக் கொஞ்சம் நீட்டினார்கள். ஜனங்கள் விரும்பிக் கேட்டார்கள், என்ன செய்வது. மௌனம் வந்ததும் ஜோடிகள் எடுத்த காலை வைக்காமல் அப்படியே நின்றார்கள். வைத்தால் மரியாதை இல்லை. உப்பள மேனேஜரும் அவர் மனைவியும் ஜூன் மூன்றாம் தேதி வரை ஒற்றைக் காலில் நின்றார்கள். அவர்களைப் பிரித்து எடுத்தபோது மனைவிக்கு உயிர் இல்லை. அவர் அப்போதும் காலைக் கீழே வைக்கவில்லை. விதி தெரிந்த மனிதர்.

ஆகஸ்டுத் திருவிழாக் கச்சேரியில் தொபியாஸுக்குப் பொறுக்கவில்லை. தன்னுடைய இடம் வந்ததும் வாயாலேயே பாடிவிட்டார். சபை திரும்பிப் பார்த்து முகம் சுளித்தது. இரண்டு தொண்டர்கள் வந்து கையைப் பிடித்தார்கள்.

"ஐயா, செத்தவங்க எல்லாம் பின்வரிசை," என்றார் ஒருவர்.

"இங்க உக்காந்தா மத்தவங்களுக்கு மறைக்கும்லா," என்றார் மற்றவர்.

பின்வரிசையில் ஏற்கெனவே நான்கு பேர் இருந்தார்கள். தொபியாஸ் எல்லோரையும் அறிவார். எல்லோருடைய அடக்கத்துக்கும் போய் அவரே வாசித்திருக்கிறார். மடியில் டிபன் பாக்ஸ் வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்தபடி இருந்தார்கள். எண்ணிக்கொண்டிருந்தார்கள். பழைய சாக்ஸபோன்காரர் நாற்பத்தோராயிரத்தில் இருந்தார்.

"எந்த நம்பர்ல வாசிக்கத் தொடங்கணும்?" என்று கேட்டார் தொபியாஸ்.

சாக்ஸபோன்காரர் விரலைத் தூக்கி இரும் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அது தெரிஞ்சா நாங்க ஏம்வே இங்க இருக்கோம்," என்றார். அதற்குள் எண்ணிக்கை தப்பிவிட்டது. அவர் முகம் கோணியது. சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். பிறகு ஒன்று, இரண்டு என்று முதலிலிருந்து ஆரம்பித்தார்.

தொபியாஸ் அன்றுதான் நிஜமாகப் பயந்தார். அதுவரை இருந்தது எரிச்சல்தான். பின்வரிசையில் ஐந்தாவதாக ஒரு நாற்காலி, துடைத்துச் சுத்தமாக, காலியாகக் கிடந்தது. அவர் ஓடிவந்துவிட்டார்.

நவம்பரில் அறிவிப்பு ஒட்டினார்கள். இரண்டாவது டிராம்போனுக்கு ஆள் தேவை. தொபியாஸ் முதல் ஆளாகப் போய் டிரம்முக்குள் குனிந்தார்.

"பேரு?" என்றார் பெப்பின்.

"தொபியாஸ்."

"அவரு எடம்தான காலி. அவரே எப்படி வருவாரு? வேற பேரு சொல்லும்."

இருபது வருடமாகத் தன்னோடு ஒரே டீக்கடையில் நின்று குடித்த பெப்பின்தான் இப்படிக் கேட்கிறார். தொபியாஸ் அவர் முகத்தையே பார்த்தார். அதில் கேலி இல்லை. உதவி செய்கிற முகம்தான்.

"சந்தியாகு," என்றார். வாயில் வந்தது அதுதான்.

"முன்அனுபவம்?"

இருபத்தாறு வருடம் என்று நாக்கு நுனி வரை வந்தது. அது போனவருடைய அனுபவம். "இல்லை," என்றார்.

"நல்லது. மாஸ்டருக்கு அனுபவம் உள்ளவங்களப் பிடிக்காது."

தேர்வில் வாசிக்கவே சொல்லவில்லை. கர்வாலோ மாஸ்டர் எதிரில் உட்கார்ந்து காலால் தட்டினார். அறுபத்து நான்கு பார் எண்ணி முடித்ததும் தலையாட்ட வேண்டும், அவ்வளவுதான். தொபியாஸ் எண்ணினார். நாற்பதில் புளோரா நினைவில் வந்து கூப்பிட்டாள். போகவில்லை. ஐம்பத்தொன்பதில் உப்பள மேனேஜரின் மனைவி வந்தாள். போகவில்லை. சரியாகத் தலையாட்டினார்.

"நல்லா எண்ணுதீரு," என்றார் மாஸ்டர். "முன்னால இருந்தவருக்கு மனசு அலைபாயும்."

"கேள்விப்பட்டேன்," என்றார் தொபியாஸ். சொல்லிவிட்டு அவருக்கே என்னவோ போலிருந்தது.

அன்று வீட்டுக்குப் போனபோது புளோரா அவரை வாசலிலேயே நிறுத்தி, யாரு என்று கேட்டாள். புதிய டிராம்போன் என்றார். உள்ளே வரச் சொல்லி, விருந்தாளிக்கு எடுக்கும் கோப்பையில் டீ கொடுத்தாள். அந்தக் கோப்பையில் அவர் அதுவரை குடித்ததே இல்லை. குடித்துவிட்டு எழுந்து, மண்டபத்தில் போய்ப் படுத்துக்கொண்டார். டிசம்பர் முழுக்க அங்கேதான்.

வருடக் கடைசி டான்ஸ் மத்தியானம் மூன்று மணிக்கு. வெயில் ஜன்னல் வழியாகத் தரையில் கட்டம் கட்டமாகக் கிடந்தது. தொபியாஸ் நாற்காலியில் உட்கார்ந்தார். கறுப்பு நாடாவை அவிழ்த்து இஞ்ஞாசியிடம் கொடுத்தார். இஞ்ஞாசி அவருக்குக் கை கொடுத்து, "நல்வரவு. நமக்குள்ள சங்கோசம் வேண்டாம், என்ன," என்றார்.

வால்ட்ஸ் தொடங்கியது. ரெஸ்ட் வந்தது. எண்ணினார். அறுபத்து மூன்று. அறுபத்து நான்கு. உதட்டில் வைத்து ஊதினார். எட்டு பாரும் வந்தது. சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு வாசிப்பை அந்த மண்டபம் கேட்டதில்லை. வால்ட்ஸ் முடிந்ததும் கைதட்டலுக்குக்கூடக் காத்திராமல் மேடையிலிருந்து குதித்து பெப்பினிடம் ஓடினார்.

"வாசிச்சிட்டேன். எட்டு பாரும். இப்ப நான் இருக்கேன்லா?"

"இருக்கீரு," என்றார் பெப்பின், பதிவேட்டைப் பார்த்து. "சந்தியாகு. உயிரோட."

"தொபியாஸு?"

"அவரு வாசிக்கலையேவே."

மீதி இருந்தது புளோரா மட்டும். கையைப் பிடித்தால் அவளுக்குத் தெரியாமலா போகும்? இருபத்தைந்து வருடம் பிடித்த கை. அவள் கறுப்புச் சேலையில் நடுவில் வந்து நின்றாள். எல்லோரும் விலகி வட்டமாக நின்றார்கள். மாஸ்டர் குச்சியைத் தூக்கினார். தொபியாஸ் அவள் கையைப் பிடித்தார்.

இரண்டு சுற்று ஆடினார்கள்.

"புளோரா," என்றார் காதருகே. "நான்தான்."

"தெரியும்," என்றாள்.

அவருக்குக் கால் தடுமாறியது. அவள் பிடித்து நிறுத்தி, தாளத்தில் விட்டாள்.

"எப்பத் தெரியும்?"

"ஜனவரியிலேயே தெரியும். கூடக் குடும்பம் நடத்துனவளுக்கு, ஆளு இருக்காரா செத்தாரான்னு தெரியாதா?"

"பிறகு ஏம் புளோரா எந்திரிச்சு நின்ன?"

"எல்லாரும் எந்திரிச்சாங்க," என்றாள். ஒரு சுற்று போனது. "மொதல்ல அதுக்குத்தான் எந்திரிச்சேன். நின்ன பிறகு உக்கார மனசு வரலை."

அவர் அடுத்த அடியை எடுத்து வைத்தார்.

"போனவரு வீட்டுலயும் எண்ணுவாரு," என்றாள் புளோரா. குரலில் கோபம் இல்லை. "சாப்பிடும்போது எண்ணுவாரு. படுக்கும்போது எண்ணுவாரு. நான் வாயத் தொறந்தா விரலத் தூக்கி இருன்னுவாரு. எங்கம்மா செத்த அன்னிக்கு ஓடிவந்து சொல்லுதேன், இருன்னு விரலத் தூக்குனாரு. இருந்தேன். இருபத்தஞ்சு வருசம் இருந்தேன். இந்த வருசம்தான் ஒரு பேச்சைத் தொடங்கி முடிச்சிருக்கேன். படத்துக்கிட்டதான். ஆனா முடிச்சேன்."

"இனிமே எண்ண மாட்டேன்," என்றார் தொபியாஸ். அழுதுவிடுவார் போலிருந்தது. "சத்தியமா மாட்டேன்."

"அப்ப நீங்க அவரு இல்லையே," என்றாள் அவள், ஆறுதலாக.

பாட்டு முடிய இன்னும் பன்னிரண்டு பார் இருந்தது. பதினொன்று. அது அவருக்குத் தெரிந்துகொண்டே இருந்தது, நிறுத்த முடியவில்லை. புளோரா அவர் முகத்தை அண்ணாந்து பார்த்தாள். அவள் கை அவர் தோளில் இருந்தது. கனமே இல்லை. தொபியாஸ் என்று சொன்னால் அந்தக் கையை எடுத்துவிடுவாள்.

"உங்க பேரு என்னன்னு சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"சந்தியாகு," என்றார்.

"சந்தியாகு," என்று அவளும் ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு போன மனிதரைப் பற்றி ஒவ்வொன்றாக அவரிடம் சொல்லத் தொடங்கினாள். அவர் குறுக்கே பேசாமல் ஆடியபடியே கேட்டார். அவள் சொன்னதில் எதுவும் பொய் இல்லை.