பிடித்தவர்: பக்கீர்

கலண்டர் பார்க்கத் தெரியாத ஒருத்திக்கு மார்க்கெட்டிங் மனேஜர் வேலை கொடுத்தது கம்பெனியின் பிழையென்றால், அதைப் பல்லிளித்துக்கொண்டு வாங்கியது என் பிழை.

கொழும்பில் ஒன்பது வருடம் ஒரு விளம்பரக் கம்பெனியில் இருந்தேன். நாடு கவிழ்ந்த வருடம் அதுவும் கவிழ்ந்தது. கிண்ணியாவுக்குத் திரும்பி வந்து பத்து மாதம் வீட்டில் குந்திக்கொண்டிருந்தேன். படித்தவள், கொழும்பில் இருந்தவள் என்று புகழ்ந்த அதே வாய்கள், நஸ்ரினுக்கு இன்னும் ஒன்றும் சரிவரவில்லையா என்று உம்மாவிடம் கேட்கத் தொடங்கின. அப்போதுதான் திருகோணமலைத் துறைமுகப் பக்கம் ஒரு புதிய கம்பெனி திறந்தார்கள். இரவு பிடிக்கும் மீனை மறுநாளே கொழும்பு வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது தொழில். மூன்று மாதம் பார்ப்போம், சரிவந்தால் நிரந்தரம் என்றார் முதலாளி. இந்த வேலையும் போனால் ஊரில் தலைகாட்ட முடியாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

முதல் வாரமே ஒரு யோசனை சொன்னேன். ஒவ்வொரு பெட்டியிலும் மீனைப் பிடித்தவரின் படமும் பெயரும் இருக்கவேண்டும். யார் பிடித்தது என்று தெரிந்து சாப்பிடுங்கள் என்பது வாசகம். முதலாளிக்குப் பிடித்துப்போனது. முதல் படத்துக்குப் பக்கீர் நானாவைத் தேர்ந்தெடுத்தேன். எங்கள் ஊர்க்காரர், நாற்பது வயது, கம்பெனிக்கு மீன் கொடுக்க ஒத்துக்கொண்ட படகுக்காரர்களில் ஒருவர். சிரிக்கச் சொன்னால் பல் டொக்டரிடம் போனவர் மாதிரி வாயைத் திறந்தார். அதைப் பார்த்து அவருடைய மனைவி நஜ்முன் நிஸா சிரித்த சிரிப்பில் அவரும் சிரித்துவிட்டார். அந்தப் படம்தான் லேபலில் வந்தது.

பிறகு விற்பனை தொடங்கத் திகதி குறித்தேன். அதில் நான் காட்டிய கெட்டித்தனத்தைச் சொல்லவேண்டும். ஹஜ்ஜுப் பெருநாள் தாண்டவேண்டும், வெள்ளிக்கிழமை கூடாது. ஜூன் பூரணை விடுமுறை ஒரு திங்கட்கிழமை வந்தது. அன்று கொழும்பே வீட்டில் போனும் கையுமாகக் கிடக்கும். அன்று விளம்பரத்தைக் காட்டி, புதன்கிழமை விற்பனை. விடுமுறையைப் பார்த்துத் திகதி வைப்பதுதான் ஒன்பது வருடமும் நான் செய்த வேலை.

பூரணை என்றால் விடுமுறை மட்டுமல்ல, முழு நிலா என்பது என் மண்டையில் ஏறவேயில்லை. எங்கள் வீடு வயல் பக்கம், வாப்பா நெல் வியாபாரி. நிலா வெளிச்சத்தில் மீன் வலையைக் கண்டு விலகும், அந்தக் கிழமை முழுக்கப் பாதிப் படகுகள் கரையிலேயே கிடக்கும் என்று கடற்கரையில் பிறந்த எந்தப் பிள்ளையும் சொல்லும். என்னிடம் யாரும் சொல்லவில்லை, நான் யாரிடமும் கேட்கவுமில்லை. போஸ்டர் எல்லாம் அச்சடித்தான பிறகு ஒரு படகுக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

முதலாளியிடம் ஓடினேன். திகதியை மாற்ற ஏலாது என்றார். குறைகிற மீனைக் கொழும்புச் சந்தையில் வாங்கி நிரப்பலாமாம். அதாவது கொழும்பு மீன் இங்கே வந்து, பக்கீர் நானாவின் மீனாகி, மறுபடியும் கொழும்புக்குப் போகும். ஆனால் ஒரு படகாவது உண்மையாகப் போய் வரவேண்டும், விற்பனைக்கு முதல் நாளே கரையில் வைத்துப் படம் எடுக்கவேண்டும் என்றார். திகதி வைத்தது நீங்கள் மிஸ், படகும் உங்கள் பொறுப்பு என்று கதையை முடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை பக்கீர் நானாவின் வீட்டுக்குப் போனேன். கம்பெனிக் கந்தோருக்குக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் ஏலாது என்று சொல்லியிருப்பார். வீடு தேடி வந்த ஊர்ப்பெண்ணிடம் முகத்துக்கு நேரே அப்படிச் சொல்லமாட்டார்கள். அது தெரிந்துதான் போனேன். கிட்டக் கடலில் மீன் ஒன்றும் படாது, வெகுதூரம் வெளியே போகவேண்டும், கச்சான் காற்று படகைக் கரையிலிருந்து கடலுக்குத் தள்ளும் காலம், இஞ்சினும் பழசு என்று அவர் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் தலையைக் குனிந்து பிளேன்டீயைக் குடித்தேன். பேசாமல் இருந்ததுதான் நான் செய்த பெரிய கெட்டித்தனம்.

நஜ்முன் நிஸாதான் பேசினார். "பாவம், தங்கச்சி ஊடு தேடி வந்திரிக்கி. ஒரு தரம் போய்ட்டு வாங்களன்."

திங்கட்கிழமை பகல் லுஹர் தொழுதுவிட்டு, பக்கீர் நானா தன் மச்சான் றுமைஸையும் கூட்டிக்கொண்டு போனார். செவ்வாய் காலையில் வரவேண்டியவர்கள் வரவில்லை. பின்னேரம் கரைக்கு வந்த வேறு படகுக்காரர்கள், இஞ்சின் நின்று அவர்கள் வெளியே இழுபட்டுப் போவதைத் தூரத்தில் கண்டதாகச் சொன்னார்கள். காற்றில் கிட்டப்போக முடியவில்லையாம். கடற்படை தேடப் போனது.

படகென்றால் இஞ்சின் பழுதாகும்தான், நாளைக்கு வந்துவிடுவார்கள் என்றார் முதலாளி. சந்தை மீனோடு கொழும்பு லொறி வந்தது. பெட்டிகளுக்கெல்லாம் லேபல் ஒட்டியாயிற்று. புதன் காலை ஏழு மணிக்குத் தானாகப் போகவேண்டிய பேஸ்புக் பதிவு என் போனில் தயாராக இருந்தது: நேற்றிரவு பக்கீர் பிடித்த மீன், இன்று உங்கள் குசினியில். ஒரு விரலால் நிறுத்தியிருக்கலாம். ஆறு ஐம்பதிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மாதத் தவணையை நினைத்தேன், உம்மாவிடம் கேட்கும் வாய்களை நினைத்தேன். ஏழு மணியானது.

எட்டரைக்குக் கம்பெனி வாசலில் நஜ்முன் நிஸா ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் ஒரு பை. உள்ளே அவர் மாற்றிக்கொள்ள உலர்ந்த சாரமும் சேர்ட்டும். இரண்டு நாள் ஈரத்தோடு கிடந்திருப்பாரே என்றார். முகத்தில் அழுகை இல்லை, சிரிப்பு இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரியின் போனில் பார்த்தாராம்.

"நேத்து ராவு புடிச்சதெண்டு போட்டிரிக்கி தங்கச்சி. அப்ப கரைக்கு வந்துட்டாரு தானே? எங்க இரிக்காரு?"

அது போன கிழமையே நான் எழுதி வைத்தது ராத்தா, அவர் இன்னும் வரவில்லை என்றேன். இரண்டு தரம் சொல்லவேண்டியிருந்தது. சிரிப்பு உடனே போகவில்லை, மெல்ல மெல்லத்தான் போனது. லொறியில் ஏற்றிக்கொண்டிருந்த பெட்டிகளைத் திரும்பிப் பார்த்தார். எல்லாப் பெட்டியிலும் பக்கீர் நானா சிரித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இந்த மீன ஆரு புடிச்ச?"

தெரியாது என்றேன்.

வந்தால் கொடுக்கச் சொல்லிப் பையை என் கையில் தந்துவிட்டுப் போனார். பதினேழு நாளாயிற்று. அது என் மேசைக்குக் கீழே இருக்கிறது. நேற்று வேலையை நிரந்தரமாக்கிக் கடிதம் தந்தார்கள். விற்பனை நன்றாகப் போகிறது, லேபலில் இருக்கிற படத்தை மாற்றவேண்டாம் என்றார் முதலாளி.