ஏழுமடைப்பட்டியின் கால்கள்

மெனோனைட் கிறிஸ்தவர்களின் தேசியப் பேரவை ஆண்டுக் கூட்டத்துக்கு ஏழுமடைப்பட்டி சபையிலிருந்து கால்கள் மட்டும்தான் வரும். அறுபத்து மூன்று ஜோடி. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைசி வரிசைகளில் ஒழுங்காக நின்றுகொள்ளும். மற்ற சபையாரைப்போல் நடுவில் எழுந்து டீ குடிக்கப் போகும் பழக்கம் அவற்றுக்குக் கிடையாது.

இதற்கெல்லாம் காரணம் பொதுச்செயலாளர் பொன்னையாதான். பேரவையின் வரலாற்றை எழுதி, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பவர் அவர். பதினோரு ஆண்டுக்கு முன் ஏழுமடைப்பட்டிப் போதகர் ஞானாபரணம் கூட்டத்தில் எழுந்து, "செயலாளர் ஐயா மூணு வருஷமா எங்க ஊர்ப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கலையே" என்று கேட்டுவிட்டார். நாலு பேர் சிரித்தார்கள். மெனோனைட்டுகள் யார்மீதும் கை ஓங்கக் கூடாது. பொன்னையாவும் ஓங்கவில்லை. வீட்டுக்குப் போய் வரலாற்றில், 'ஏழுமடைப்பட்டி: சபையார் யாரும் இல்லை' என்று ஒரு வரி எழுதினார்.

அவர்களுக்குள் சத்தியம் செய்யும் வழக்கமில்லை. ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை. சொன்னதைச் சரிபார்ப்பது சத்தியம் கேட்பதற்குச் சமம் என்பதால் யாரும் சரிபார்க்கவில்லை. அறுபத்து மூன்று பேரும் மறுவாரமே இல்லாமல் போனார்கள். கூட்ட முடிவில் ஒருவர் காலை ஒருவர் கழுவும் சடங்கு உண்டு. யார் காலை யார் கழுவுவது என்ற பட்டியல் வேறொரு கமிட்டியின் பொறுப்பு, அதில் பொன்னையா கைவைக்க முடியாது. அதனால் கால்கள் மிஞ்சின.

பத்து ஆண்டும் முதுகுவலி என்று சொல்லிப் பொன்னையா சடங்கிலிருந்து நழுவிவந்தார். அவர் சொன்னால் சொன்னதுதான், ஆகவே முதுகும் நிஜமாகவே வலித்தது. இந்த ஆண்டு ஞானாபரணத்தின் கால்கள் தாமாகவே முன்வரிசைக்கு நடந்து வந்து அவர் எதிரே நின்றன.

பொன்னையா பிளாஸ்டிக் பேசினை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். குதிகால்கள் பாளம் பாளமாக வெடித்திருந்தன. பதினோரு ஆண்டாக எண்ணெய் தடவ அவற்றுக்குக் கை இல்லை. அவரை வெட்கம் பிடுங்கித் தின்றது. முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை.

பேரவைத் தலைவர் லீதியாள் அம்மா மினிட்ஸ் நோட்டோடு பக்கத்தில் நின்றிருந்தார்.

"அம்மா, இவங்கல்லாம் இருந்தாங்க. கோவத்துல நான்தான் இல்லைன்னு எழுதிட்டேன். இருக்காங்கன்னு எழுதிக்குங்க."

"சரிங்க ஐயா" என்று அவர் எழுதிக்கொண்டார்.

கணுக்காலுக்கு மேல் வேட்டி வந்தது, சட்டை வந்தது, கடைசியாக ஞானாபரணத்தின் முகம் வந்தது. தலை நன்றாக நரைத்திருந்தது. பின்வரிசையில் அறுபத்திரண்டு பேர் தொண்டையைச் செருமிக்கொண்டார்கள்.

அந்த முகத்தை நிமிர்ந்து பார்க்கப் பொன்னையாவால் முடியவில்லை.

"அம்மா, என்னை இல்லைன்னு எழுதிடுங்க" என்றார்.

லீதியாள் அம்மா ஏனென்று கேட்கவில்லை. எழுதி, கீழே தேதி போட்டார்.

ஞானாபரணம் பேசினில் புதுத் தண்ணீர் ஊற்றினார். வேட்டியை மடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, "காலைக் குடுங்க ஐயா" என்றார்.

மிஞ்சியிருந்த பொன்னையாவின் கால்கள் ஒன்றுக்குப் பின்னால் ஒன்று மறைந்துகொள்ளப் பார்த்தன. கொஞ்ச நேரம் கழித்து வலது கால் மட்டும் தண்ணீருக்குள் வந்தது.